தலைவர் பச்சையான மர்மம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மாடிப்படி ஏறி வந்த மனிதர் துப்பறியும் நிபுணர் பகலவனைப் பார்த்தார். பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியையும் பார்த்தார். பிறகு கேட்டார்:

"மேடம் இல்லியா?"

ராயபுரம் எம்.சி. ரோட்டில், ஒரு ரெடிமேட் துணிக்கடைக்கு மேலே ‘பகலவன் புலனாய்வு நிறுவனம்’ தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. முதல் நான்கு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு ஆள் வந்ததே இல்லை என்பது வேறு விஷயம். எழில்மொழி உதவியாளராகச் சேர்ந்த பிறகுதான் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கேட்ட சத்தமெல்லாம் அவளைத் தேடியே வந்தது. பகலவனுக்கு நெஞ்சுக்குக் கீழே, கோட்டின் மூன்றாவது பொத்தான் இருக்கும் இடத்தில், தினமும் காலையில் ஒரு எரிச்சல் உண்டு. அதை அவர் அசிடிட்டி என்று நம்பிவந்தார்.

சென்னையில் பங்குனி வெயிலில் கோட்டுப் போடுகிறவர்கள் இரண்டே வகை: வக்கீல்கள், கல்யாண மாப்பிள்ளைகள். மூன்றாவது வகையாகப் பகலவன் தன்னைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதியதை விசிட்டிங் கார்டில் ‘துறைமுகப் பாதுகாப்பில் பதினோரு ஆண்டு அனுபவம்’ என்று போட்டிருந்தார். பொய் என்று சொல்ல முடியாது. லாரிகள் பத்திரமாகத்தான் வெளியே போயின.

"உதவியாளர் டீ வாங்கச் சென்றிருக்கிறார்," என்றார், ‘உதவியாளர்’ மேல் கொஞ்சம் எடை வைத்து. "தாங்கள் விஷயத்தை என்னிடமே சொல்லலாம்."

வந்தவர் உட்கார்ந்தார். ஆனால் சொல்லவில்லை. நான்கு நிமிடம் இருவரும் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீயோடு எழில்மொழி உள்ளே நுழைந்ததும் மனிதருக்கு வாய் திறந்துகொண்டது.

அவர் பெயர் வரதன். கொருக்குப்பேட்டை வெற்றிச்சிறகு கேரம் மன்றத்தின் தலைவர். மன்றத்துக்கு இருபத்தைந்து வயது. அவருடைய தலைமைக்கும் அதே வயது. வெள்ளிவிழாவுக்காக வெள்ளிக்கிழமை மன்ற வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். அதை செல்போனில் எடுத்து வந்திருந்தார். பகலவன் கை நீட்டினார். செல்போன் அவர் கையைத் தாண்டி எழில்மொழியிடம் போனது.

பன்னிரண்டு அடிக்கு எட்டடி. மேலே ‘வடசென்னையின் விடிவெள்ளியே! ஸ்ட்ரைக்கரின் சிங்கமே!’ என்று எழுத்து. இரண்டு வரிசையில் பன்னிரண்டு உறுப்பினர்கள். அவர்களுக்கு நடுவில், தண்ணீர்த் தொட்டி மூடி அளவுக்கு வரதனின் முகம். சிரித்த முகம், சீவிய தலை, சந்தனப் பொட்டு எல்லாம் சரிதான். நிறம் மட்டும் கொத்தமல்லிச் சட்னி.

எழில்மொழி டீயை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "தலைவரே, இட்லி மட்டும் தான் கொறையுது."

பகலவன் அவளை முறைத்தார். வரதன் முறைக்கவில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் கடுப்பு. தெருப் பையன்கள் தன்னைப் ‘பச்சை மாமா’ என்று கூப்பிடுவதாகவும், நேற்று ரயில்வே கேட்டில் நின்ற கூட்ஸ் ரயில் கார்டுகூடச் சிரித்ததாகவும் வரதன் முறையிட்டார். யார் செய்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மன்றத்தின் செயலாளர் பீம்ராவ். இருபத்தைந்து வருட தோஸ்து. பேனரை வடிவமைத்தது பீம்ராவின் மகள் செங்கொடி. அப்பன் சொல்லாமல் மகள் செய்வாளா?

"பொறாம மேடம். என்னைய தலைவராப் பாத்து பாத்து அவனுக்கு வயிறு எரிஞ்சிகினு கீது."

இன்று மாலை ஐந்து மணிக்குப் பொதுக்கூட்டம். பீம்ராவை மன்றத்திலிருந்து நீக்கும் தீர்மானம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. துப்பறியும் நிறுவனத்தின் லெட்டர்பேடில் ஒரு ரிப்போர்ட் மட்டும் அதோடு பின் குத்தவேண்டும். ஐந்து மணிக்கு முன்னால் வேண்டும்.

"உண்மை எதுவோ அது கிடைக்கும்," என்றார் பகலவன்.

"அத்த மேடத்தையே கொண்டாரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வரதன் படியிறங்கினார். வாசலில் தொங்கிய போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, மேடம் பேரு இதுல இல்லியே என்று கீழேயிருந்து விசாரித்துவிட்டும் போனார்.

போர்டில் பகலவன் பெயர் இருந்தது. பகலவன் படமும் இருந்தது. மூன்று மாதமாக எழில்மொழி தன் பெயரையும் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடமில்லை என்று அவர் சொல்லிவந்தார். நான்கடி போர்டில் மூன்றரை அடி அவருடைய மீசைக்கே போய்விட்டது.

*

மன்றம் கூட்ஸ் யார்டு மதிலை ஒட்டிய சந்தில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நான்கு கேரம் போர்டு, ஒவ்வொன்றின் மேலும் தாழத் தொங்கும் பல்பு. வாசலில் அந்தப் பேனர், வெயிலில் இன்னும் பசுமையாகத் தெரிந்தது.

பகலவன் பூதக்கண்ணாடியை எடுத்தார். பன்னிரண்டடி பேனரைப் பூதக்கண்ணாடியால் பார்க்க அவர் ஒருவரால்தான் முடியும். மேல்வரிசையில் முதல் நான்கு பேர் இயல்பான நிறம். அடுத்த மூன்று பேர் லேசான பச்சை. எட்டு, ஒன்பது, பத்து மறுபடி இயல்பு. பதினொன்றும் பன்னிரண்டும் பச்சை. நடுவில் தலைவர் முழுப் பச்சை. வலது கீழ்மூலையில், பிஸ்கட் பாக்கெட் அளவில் பதினான்காவதாக ஒரு முகம். அது பீம்ராவ். அச்சு அசல் மனித நிறம்.

"கவனித்தாயா எழில்? பச்சை முகங்கள் ஒரு குழு. ரயில் லைனுக்குக் கிழக்கே குடியிருப்பவர்கள் என்று என் உள்ளுணர்வு சொல்கிறது. அவர்களைக் களங்கப்படுத்தியவன் தன்னை மட்டும் தூய்மையாக வைத்துக்கொண்டான்."

எழில்மொழி பேனரை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தாள். "ஏழாவது ஆளுக்கும் எட்டாவது ஆளுக்கும் நடுவுல யாரோ சோறு துன்னப் போய்க்கீறாங்க சார்."

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் தனக்குத் தெரியவில்லை என்றாகிவிடும். எனவே பகலவன் அதை ஏற்கெனவே கண்டுபிடித்தவர்போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே ஐம்பது வயது ஒல்லி மனிதர் ஒருவர் போர்டில் பவுடரைத் தூவி, பழைய வேட்டித் துண்டால் வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பீம்ராவ்தான். பக்கத்து ஸ்டூலில் ஒரு சாவிக்கொத்தும் வருகைப் பதிவேடும் இருந்தன. அஞ்சு மணிக்குக் கேட்பார்களாமே, அப்போது தேடக்கூடாதென்று இப்போதே எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. இந்தக் கதவைக் காலையில் திறக்காவிட்டால் தனக்கு விடிந்ததாகவே இருக்காது என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அதையும் பவுடரோடு தேய்த்துவிட்டார்.

ஐந்தாவது முகமும் எட்டாவது முகமும் எங்கே குடியிருக்கிறார்கள் என்று எழில்மொழி கேட்டாள். ஒரே வீடு, அண்ணன் தம்பி என்றார் பீம்ராவ். பகலவனின் ரயில் லைன் அத்தோடு தடம் புரண்டது.

விடாமல் அவர் கேட்டார்: "வரதன் மேல் தங்களுக்குப் பொறாமை உண்டா, இல்லையா?"

பீம்ராவ் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நேர்மையாக யோசித்தார். "கீது சார். அவன் இன்னா துன்னாலும் ஒடம்புல ஒட்டுது. எனக்கு ஒட்ட மாட்டேன்னுது."

‘பொறாமையை ஒப்புக்கொண்டார்’ என்று பகலவன் குறித்துக்கொண்டார்.

*

கேட் போட்டிருந்தார்கள். கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருப்பதுதான் இயல்பு நிலை, திறந்திருப்பது செய்தி. கூட்ஸ் வண்டி ஒன்று கடைசிப் பெட்டி என்ற ஒன்றே இல்லாததுபோல் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தைப் பகலவன் வீணாக்கவில்லை. தீய எண்ணம், சந்தர்ப்பம், கருவி என்று குற்றத்தின் மூன்று தூண்களை விளக்கினார். பக்கத்தில் நின்ற மீன்கூடைக்காரம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, தம்பி எந்தக் கட்சி என்று எழில்மொழியிடம் விசாரித்தாள்.

கேட்டைத் தாண்டி மூன்றாவது கடை ‘கொடி கிராபிக்ஸ்’. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இருபத்து நான்கு வயது செங்கொடி உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தாள். வரதன் பேட்டை முழுக்கச் சொல்லி வைத்துவிட்டதால் ஒரு காதுகுத்தும் இரண்டு மஞ்சள்நீராட்டும் கைவிட்டுப் போய்விட்டன. மேசையில் ஒரே ஒரு லேப்டாப். பதினோரு வருடப் பழசு, இரண்டாம் கையாக வாங்கியது. கீல் ஒரு பக்கம் செல்லோடேப்பில் நின்றது.

தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள் செங்கொடி. ஸ்க்ரீனில் நன்றாகத்தான் இருந்தது, அச்சில் பச்சையாக வந்துவிட்டது. அதற்குமேல் கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். எதையோ மறைக்கிறாள் என்பது பகலவனுக்கே தெரிந்தது.

அவர் லேப்டாப்பை முகர்ந்தார். முகம் மாறியது. காற்று வெளியேறும் சந்தில் ஏதோ மினுங்கியது. பாக்கெட்டிலிருந்து இடுக்கியை எடுத்துப் பிடித்து இழுத்தார்: சின்னஞ்சிறு, வட்டமான, பளபளப்பான ஒரு செதில்.

"காசிமேடு," என்றார் மெல்ல. "இந்தச் சதியின் வேர் மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கிறது."

எழில்மொழி எட்டிப் பார்த்தாள். "சங்கரா மீனு சார். குற்றவாளி இந்நேரம் கொழம்பு வச்சி முடிச்சிருப்பான்."

செங்கொடி முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு அவளே சொன்னாள். ஆறு மாதமாக இந்த மெஷின் பேஜார் பண்ணுகிறது. கொஞ்ச நேரம் ஓடினால் ஸ்க்ரீனில் கோடுகோடாக வரும். மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டாள், போகவில்லை. ஒரு சர்வீஸ்காரர் டிஸ்ப்ளே கேபிளை மாற்றினார், போகவில்லை. இன்னொருவர் உள்ளே திறந்து ஹீட் கன்னால் சூடு காட்டிக் கொடுத்தார். மூன்று வாரம் கல்யாண வீடு மாதிரி ஜோராக ஓடியது, மறுபடி கோடு. சில்லென்று வைத்தால் சரியாகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். மாமன் விசைப்படகில் போகிறவர். அவரிடம் ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டி ஒன்று வாங்கி வந்து, மத்தியானம் சாப்பிடும் நேரத்தில் மெஷினை அணைத்து, உள்ளே ஐஸ்மேல் ஒரு பாலிதீன் விரித்து வைத்துவிடுவாள். முன்னே அந்தப் பெட்டியில் இருந்தது சங்கரா.

எழில்மொழியின் கண் மாறியது. ரிச்சி தெருவில் ஏழு வருடம், பட்டாணியைவிடச் சிறிய பாகங்களை லேப்டாப் போர்டில் பற்றவைத்தவள் அவள். இதைப் பகலவன் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. கேட்டால், அவருக்கு லேப்டாப் பற்றி இருந்த அறிவை அவள் மூலம் வளர்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்வார்.

"ஐஸ் மேல வச்சா உள்ள தண்ணி கோத்துக்கும்மா. ஒரு நாளைக்கு மொத்தமா பூடும்," என்றாள். "சரி, ஆன் பண்ணு. அந்த பேனரத் தொற."

திரை பளிச்சென்று வந்தது. பேனரில் வரதன் அச்சில் இருந்ததுபோலவே பச்சையாகச் சிரித்தார். கோடில்லை, கறையில்லை.

"இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை," என்று பகலவன் தீர்ப்பளித்தார். "பச்சை நிறம் கோப்பிலேயே உள்ளது. வேண்டுமென்றே வைக்கப்பட்டது."

எழில்மொழி ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கிழித்துத் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். பெரிய படங்களாக நான்கைத் திறந்து மெஷினுக்கு வேலை கொடுத்தாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும்படி பகலவனைக் கேட்டுக்கொண்டாள். இப்படி ஒரு பொறுப்பை அவள் தன்னிடம் ஒப்படைத்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கேட் திறந்தது, மூடியது. காற்றாடி லேப்டாப்புக்குள் ஆஸ்துமாக்காரர்போல் இழுத்தது. இருபது நிமிடம் கழிந்தது.

"எதாச்சும் மாறிச்சா சார்?"

"இல்லை. இமைக்காமல் பார்த்தேன்."

"அந்தக் காகிதத்தப் பாருங்க."

பகலவன் பார்த்தார். காகிதம் வெள்ளையாக இருந்தது. அதை ஒட்டித் திரையில் இருந்த வெள்ளை, ரோஸ்மில்க். பச்சையாக இருந்த வரதன் இப்போது நல்ல கோதுமை நிறத்தில், மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால், இமைக்காத கண்ணும் கூடவே ஏமாந்துகொண்டே வந்திருக்கிறது. மேலே மெல்லிய கோடு ஒன்று நடுங்க ஆரம்பித்தது.

"ஸ்க்ரீன்!" என்றார் பகலவன். எப்படியாவது ஒன்றையாவது முதலில் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு. "திரை பழுது. நான் முதலிலேயே சந்தேகித்தேன்."

எழில்மொழி சுவரில் இருந்த பழைய டிவியை லேப்டாப்போடு இணைத்தாள். டிவியிலும் அதே ரோஸ்மில்க், அதே கோடு. கண்ணாடி கோணலென்றால் வேறு கண்ணாடியில் முகம் நேராகத் தெரியும், இரண்டு கண்ணாடியும் ஒரே கோணலைக் காட்டினால் கோணல் முகத்தில்தான் என்றாள். படம் வரைந்து திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் சிப்பே போய்விட்டது. அடியில் அதைப் பிடித்திருக்கும் ஈயப்பொட்டுகள் சூடு ஏறினால் பிடி விடுகின்றன. ஹீட் கன் வைத்தியம் மூட்டுவலிக்குத் தைலம்போல, மூன்று வாரத்துக்கு மேல் நிற்காது.

கடைசியாக, அதே பேனரைத் தன் செல்போனுக்கு அனுப்பித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். லேப்டாப்பில் கோதுமை வரதன். செல்போனில் கொத்தமல்லி வரதன். இருவரும் ஒரே சிரிப்புச் சிரித்தார்கள்.

இப்போது பேனரே கடிகாரமாகிவிட்டது. காலையில் மெஷின் குளிர்ந்திருந்தபோது சரிசெய்த நான்கு பேர் இயல்பு. சூடேறியதும் திரையில் எல்லோரும் சிவப்பாகத் தெரிந்தார்கள், செங்கொடி சிவப்பைக் குறைத்தாள், அச்சில் பச்சையானார்கள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் சாப்பாடு, ஐஸ்பெட்டி. மறுபடி மூன்று பேர் இயல்பு. பிறகு மறுபடி சூடு.

அந்தப் பெண் வேண்டுமென்றே எதையும் செய்யவில்லை. பகலவனுக்குப் புரிந்தது. கூடவே கோட்டின் மூன்றாவது பொத்தானும் எரிந்தது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் சோறு. அதை எழில்மொழி பேனரைப் பார்த்த அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

அவள் கை கழுவப் போன நேரத்தில் அவர் வரதனுக்குப் போன் போட்டார். "வழக்கை நான் முடித்துவிட்டேன். உடனே வரவும்."

*

வரதன் மூன்றரை மணிக்கு வந்தார். பகலவன் கடையின் நடுவில் நின்று, குற்றவாளி இந்த அறையில்தான் இருக்கிறார் என்று ஆரம்பித்தார். அறை எட்டுக்கு ஆறு. நால்வரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டுதான் நின்றார்கள். சிப்பின் கதையைத் தானே கண்டுபிடித்ததுபோல முழங்கி முடித்து, லேப்டாப்பின் வயிற்றைச் சுட்டிக்காட்டினார்.

வரதன் குனிந்து பார்த்தார். "இம்மாத்தூண்டு என்னைய பச்சையாக்கிச்சா?" பிறகு நிமிர்ந்தார். மன்றத் தலைவராயிற்றே, ஓட்டையைப் பிடிக்கத் தெரியாதா. "அப்டின்னா எல்லாம் லைட்டா, நான் மட்டும் இன்னாத்துக்கு கும்முனு பச்ச? பீமன் மட்டும் ஜோரா கீறானே? அப்பன் படத்த குளிர்ல வச்சி, என் படத்த சூட்ல வச்சிக்கீறா. தெரிஞ்சே வச்சிக்கீறா."

பகலவன் மீசையைத் தடவிக்கொண்டார். உள்ளுக்குள் சில்லென்று ஒரு சந்தோஷம் கசிந்தது. எழில்மொழியின் விளக்கத்தில் ஓட்டை. முதல்முறையாக அவள் தப்பு. இந்தப் புள்ளியைத் தானும் பரிசீலித்து வருவதாக அவர் சொன்னார். தீர்மானம் நிற்கத்தான் செய்யும் போலிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். செங்கொடியின் முகம் செத்துப்போனது. ஐந்து மணிக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. மன்றத்தில் ஸ்டூல்மேல் சாவிக்கொத்து இருந்தது.

எழில்மொழி லேப்டாப் முன் உட்கார்ந்தாள். "கொடி, பழைய ஃபைலெல்லாம் அழிச்சியா?"

"வேணாங்க்கா," என்றாள் செங்கொடி.

அழிக்கவில்லை என்பதற்கு அதுவே பதில். எழில்மொழி ஃபோல்டரைத் திறந்தாள். வரதனைச் செங்கொடி பெரிப்பா என்றுதான் கூப்பிடுவாள். ‘பெரிப்பா ஃபைனல்’. ‘பெரிப்பா ஃபைனல் 2’. ‘இதான் ஃபைனல்’. ‘சத்தியமா ஃபைனல்’. மொத்தம் பதினொன்று. முதலாவது சேமித்தது வியாழக்கிழமை மாலை 4.05. கடைசி 6.50.

ஒவ்வொன்றாக டிவியில் விரிந்தது. முதலாவதில் வரதனும் பீம்ராவும் நடுவில் தோளோடு தோள், ஒரே அளவு, இருவருக்கும் இடையில் ஒரு வெள்ளிக்கோப்பை. மூன்றாவதில் வரதன் அரையடி வளர்ந்திருந்தார். ஐந்தாவதில் கோப்பை அவர் பக்கம் போய்விட்டது. ஏழாவதில் பீம்ராவ் இடுப்பளவு. ஒன்பதில் கீழ்வரிசை. பதினொன்றில் மூலை, பிஸ்கட் பாக்கெட். பீம்ராவின் படம் காலையில் முதல் ஆளாகச் சரிசெய்தது. அதற்குப் பிறகு அதன் நிறத்தை யாரும் தொடவில்லை, அளவைத்தான் தொட்டார்கள். வரதனின் முகத்தில் மட்டும் ஒவ்வொரு ஃபைனலுக்கும் கொஞ்சம் சிவப்புக் குறைந்துகொண்டே போனது.

"அன்னிக்கு சாயங்காலம் உன் பின்னால யாரு நின்னுகினு இருந்தாங்க?" என்று எழில்மொழி கேட்டாள். செங்கொடி கீலின் செல்லோடேப்பை நகத்தால் சுரண்டினாள். வரதன் ஓடாத காற்றாடியைப் பார்த்தார்.

வெளியே கூட்ஸ் வண்டி கடந்து முடித்தபின் அவர்தான் பேசினார்.

"செவப்பா தெரிஞ்சிதும்மா. மொளகாப்பயம் மாதிரி. கம்மி பண்ணுன்னேன். கொஞ்சம் கலரா வரட்டும்னேன்."

மற்ற முகங்களெல்லாம் சிவப்பேறித் தெரிகிறதே, ஏதோ தப்பு, மெஷினை அணைத்துப் போடலாம் என்று அன்றைக்கே தான் சொன்னதாகச் செங்கொடி மெதுவாகச் சொன்னாள். மத்தவன் எப்படியாவது போகட்டும், என் மூஞ்சியைப் பார் என்றாராம் பெரியப்பா.

"சிப்பு இருபது நிமிசம் தாங்கும் தலைவரே," என்றாள் எழில்மொழி. "நீங்க ரெண்டே முக்கா மணி நேரம் நின்னுகினு இருந்தீங்க."

வரதன் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். விடிவெள்ளி, சிங்கம் எல்லாம் வெளியே பேனரிலேயே தங்கிவிட்டது, உள்ளே வந்தது ஒரு ஐம்பத்திரண்டு வயது மனிதர்தான். காயின் அடிக்கிறதில் பீமன்தான் ராஜா என்றார். எங்கே டோர்னமென்ட் போனாலும் பீம்ராவ் மன்றமா என்றுதான் கேட்பார்கள், வரதன் மன்றம் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. பேனரிலாவது... என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

பகலவன் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். யாரோ தன் கோட்டுப் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஊரறிய வாசித்ததுபோல் இருந்தது.

"அப்பன்கிட்ட சொல்லிட்டியா?" என்று வரதன் கேட்டார்.

"சொல்றதா இருந்தா வெள்ளிக்கெயமயே சொல்லிருப்பேன் பெரிப்பா. நீங்க அவர சின்னதாக்குனது தெரிஞ்சா நைனா தாங்காது. அதுக்கு நானே திட்டு வாங்கினு போறேன்னுதான் இருந்தேன்."

*

ஐந்து மணிக்கு மன்றத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். வரதன் எழுந்து, வேறு யாரும் காரணமில்லை, லேப்டாப்பில் ஒரு சிப்பு போய்விட்டது என்று அறிவித்தார். தீர்மானத்தை நான்காக மடித்து, ஆடுகிற போர்டின் காலுக்குக் கீழே முட்டுக் கொடுத்தார். பீம்ராவ் சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். புதுப் பேனர் அடிக்கவும், செங்கொடியின் மெஷினை எழில்மொழியே சிப் மாற்றிக் கொடுக்கவும் முடிவானது. பகலவன் ஒரு நன்றியுரை தயாரித்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

"புது பேனர்ல நானும் பீமனும் ஒரே சைசு," என்று வரதன் சபையில் சொன்னார். கைதட்டல் விழுந்தது. அடங்கியதும் கொஞ்சம் இருமினார். "தலைவர்ன்றதால ஒரு மூணு இன்ச்சு மட்டும்..."

பீம்ராவ் போர்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"குடுத்துரு கொடி. வெள்ளிக்கெயமயிலேர்ந்து அவன் தூங்கல."

எல்லாம் தெரிந்தவர்போல அவர் சொன்ன விதத்தில் வரதன் மெல்ல உட்கார்ந்துகொண்டார். செங்கொடி அப்பாவைப் பார்த்தாள். அவர் ரெட் காயினை நடுவில் வைத்து, மாமு, ஒரு ஆட்டம் என்றார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் பகலவனுக்கு மனம் விசாலமாகிவிட்டது. பொறாமை மனிதனை எப்படியெல்லாம் பச்சையாக்குகிறது என்று எதிர்சீட்டுக்காரருக்கும் சேர்த்து விளக்கினார். அந்த வேகத்திலேயே, நிறுவனத்தின் புதுப் போர்டில் எழில்மொழியின் பெயரும் இடம்பெறும், ஒரே அளவில், என்று அறிவித்தும் விட்டார். எழில்மொழி அவரை ஒரு நொடி பார்த்தாள்.

"தேங்க்ஸ் சார். மீசைய இன்னா பண்ணப் போறீங்க?"

வியாழக்கிழமை காலை, லேப்டாப்புக்குப் புதுச் சிப் இன்னும் வந்து சேராத நிலையில், பகலவன் தனியாகக் கொடி கிராபிக்ஸுக்குப் போனார். ஷட்டர் முழுதாகத் திறந்திருந்தது, காதுகுத்துக்காரர்கள் திரும்பி வந்திருந்தார்கள். போர்டுக்கான வாசகத்தை எழுதிக் கொடுத்தார். இரண்டு பெயர், ஒரே அளவு. செங்கொடி திரையில் வைத்துக் காட்டினாள். இடதுபக்கம் நகர்த்தச் சொன்னார், நகர்த்தினாள். எழுத்தை மாற்றச் சொன்னார், மாற்றினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் போகவில்லை. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தூக்கிக் காட்டினார்.

"எல்லாம் ஓகே கொடி. அந்தப் பொண்ணு பேரு மட்டும் ஒரு இன்ச்சு..."

அவருக்கே தெரியாமல் குரல் கொருக்குப்பேட்டைக்கு வந்துவிட்டது. செங்கொடி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்தொம்பது நிமிசம் ஆயிடிச்சி சார். இதுக்கு மேல நின்னீங்கன்னா பச்ச தான்."

பகலவன் விரல்களை மடக்கினார். முழுதாக மடங்கவில்லை. நடுவில் அரை இன்ச் மிச்சம் இருந்தது.